நான்கு நிமிடம்

பதினோரு ஆண்டுகளாக வீடியோ கேம்களுக்கு லெவல்களைக் கையால் வரைந்துவந்த தமயந்தியிடம், இனி அவற்றைத் தானாகவே உண்டாக்கும் நிரலை எழுதச் சொன்னார்கள். எழுதினாள். நிரல் இருபது லெவல்களைப் பிறப்பிக்கும். ஆடுபவர்கள் அதிக நேரம் உட்கார்ந்திருந்த லெவல்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடும். மிஞ்சியவற்றை ஒன்றோடொன்று கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கும். நாற்பதாவது தலைமுறையில் அரக்கர்கள், புதையல்கள், பள்ளங்கள் எல்லாம் போய்விட்டன. ஒரு மணல்பாதையும் அதன் கோடியில் ஒரு கதவும்தான் இருந்தன. நடக்க நடக்கக் கதவும் விலகிப் போனது.

ஆடிச் சோதிக்கும் வேலையிலிருந்த ஹபீப் காலையிலிருந்து அதில் நடந்துகொண்டிருந்தான்.

"அது கிட்ட வராது ஹபீப். எந்திரிச்சு வா."

"தெரியும்க்கா. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

அவள் மேலாளரிடம் போய், நிரலை மாற்ற வேண்டும் என்றாள்.

"எதுக்கும்மா? ஒருத்தர்கூட எந்திரிக்கலையே!"

அன்று மதியம் தமயந்தி தானே ஒரு லெவலை வரைந்து நிரலுக்குள் நுழைத்தாள். ஒரு குளம், சில படிகள், ஒரு தவளை, திறக்கிற கதவு. ஹபீப் ஆடினான். திரையில் நடந்த அவனுடைய உருவத்தின் தலையில் தவளை ஏறி உட்கார்ந்தபோது வாய்விட்டுச் சிரித்தான். கதவைத் திறந்து வெளியேறியதும் சோம்பல் முறித்தான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

நிரல், ஆடிய நேரம் நான்கு நிமிடம் என்று குறித்துக்கொண்டு அந்த லெவலை அழித்தது. தமயந்தி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த ஹபீப் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மணலில் நடக்கத் தொடங்கினான்.