வெறும் உப்புநீர்

சன்னல் வெயில் மேசையின் பாதிக்கு வந்துவிட்டது. நகத்தளவு படிகத் தகட்டின் மேல் உப்புநீர் ஊர்ந்துகொண்டிருக்கிறது. தகட்டில் டிஎன்ஏவின் ஓர் இழை ஒட்டியிருக்கிறது. அதன் ஜோடி இழை வந்து சேர்ந்தால், சாயம் எதுவும் ஏற்றாமலே, அதனால் கூடும் துளி எடைக்கே கணினித் திரையில் கோடு இறங்க வேண்டும். காலையில் இறங்கியது. ஆராய்ச்சி மாணவி ஓடிப்போய்ப் பேராசிரியரை இழுத்துவந்து காட்டினாள். இப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் அவளுடைய அப்பாவிடம் போனில் பேசுகிறார். "உங்க பொண்ணு சாதிச்சுட்டா சார். இவளுக்கு இதெல்லாம் வராதுன்னு நான் சொன்னது தப்பு சார்." பம்ப் டக் டக் என்கிறது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையை அவள் இப்போதுதான் செய்கிறாள்: காலையில் ஜோடி இழையைக் கரைத்த அதே உப்புநீர், டிஎன்ஏ இல்லாமல். கோடு இறங்குகிறது. காலையில் இறங்கிய அதே ஆழத்துக்கு, அதே வளைவோடு. கரைத்த நீரில் உப்பு தூக்கலாக இருந்திருக்கிறது, அந்தக் கனத்துக்கே கோடு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எந்த இழையும் எதனோடும் சேரவில்லை. காது மடல் சுடுகிறது. கையுறையைக் கழற்றப் பார்க்கிறாள். வியர்த்த விரல்களை அது விடமாட்டேன் என்கிறது. எழுந்துபோய் ஒற்றை விரலால் கண்ணாடியைத் தட்டுகிறாள். முகமெல்லாம் பல்லாகப் பேராசிரியர் கதவைத் திறந்து போனை நீட்டுகிறார். "அப்பா லைன்ல இருக்காரு. நீயே உன் வாயால சொல்லும்மா."