பின்னால் வந்து இடித்தவன்

“தப்பு யாரோடதுங்கிறது அப்புறம். முதல்ல உன் வண்டிக்கு என்ன இன்ஷூரன்ஸ்? அதைச் சொல்லு தம்பி.”

முன்னால் நின்ற வெள்ளைக் காரிலிருந்து இறங்கிய பெரியவர் இப்படிக் கேட்பார் என்று குதைபா எதிர்பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டு வாங்கத்தான் தயாராக இருந்தான். அம்மான் நகரின் அந்த மேட்டுச் சாலையில் அவர் சடாரென்று பிரேக் போட, இவன் பின்னால் போய் மோதியிருந்தான். பின்னால் வந்து இடித்தவன் மேல்தான் தப்பு என்பது ஊரறிந்த சட்டம். அவருடைய பம்பர் லேசாக நசுங்கியிருந்தது. இவனுடைய காருக்கோ முகமே போய்விட்டது. ரேடியேட்டர் தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

“கட்டாய இன்ஷூரன்ஸ் மட்டும்தான் மாமா,” என்றான்.

பெரியவர் உச்சுக்கொட்டினார். பக்கத்துக் கடையில் இரண்டு காபி வாங்கிவந்து, ஒன்றை அவன் கையில் திணித்துவிட்டு நிதானமாக விளக்கினார்.

“உன்னோடது விருந்தாளிக்கு மட்டும் சோறு போடுற இன்ஷூரன்ஸ். என் வண்டியைச் சரி பண்ணிக் கொடுக்கும், உன் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, தீக்கும் திருட்டுக்கும். உன் வண்டி எரியவும் இல்ல, களவு போகவும் இல்ல. ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கே, அது வீட்டுக்காரனுக்கும் சேர்த்துப் போடும். தப்பு நம்ம மேலேயே இருந்தாலும்.”

சவாரி ஓட்டிப் பிழைப்பவன் குதைபா. அந்தக் கார்தான் சோறு. என்ன தொழில், எங்கே வீடு, கல்யாணம் ஆயிற்றா என்று பெரியவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அம்மாவும் அத்தைமாரும் போய் ரனீம் என்ற பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய்த் திரும்பியிருந்தார்கள். வரும் வியாழக்கிழமை பெரியப்பா தலைமையில் ஆண்கள் முறைப்படி பெண் கேட்கப் போக வேண்டும். கார் முடங்கிக் கிடப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

பெரியவர் மேட்டுச் சாலையை ஒரு பார்வை பார்த்தார்.

“என் வண்டிதான் மேட்டுல பின்னால உருண்டு உன் மேல மோதுச்சுன்னு போலீஸ்கிட்ட சொன்னா என்ன? தப்பு என்னோடதாயிடும். எனக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ். ரெண்டு வண்டியும் சரியாயிடும்.”

குதைபா அவர் கையைப் பிடித்து முத்தமிடவே போய்விட்டான். அல்லாஹ் உங்கள் ஆயுசைக் கூட்டட்டும் என்று வாயார வாழ்த்தினான். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான்.

“மாமா, இந்த வலது பக்கக் கதவு போன வருஷமே நசுங்கினது. அதையும் இதோட சேர்த்துச் சொல்லிடலாமா?”

“சொல்லிடலாமே.”

“பின்கண்ணாடியிலயும் ஒரு விரிசல் இருக்கு.”

“முன்னால மோதினா பின்கண்ணாடி எப்படிப்பா விரியும்?”

“அதிர்ச்சியில விரியாதா மாமா?”

பெரியவர் தலையாட்டிக்கொண்டார். மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து, விபத்துப் படம் வரையத் தாளை எடுத்துக்கொண்டு, யார் மீது தப்பு என்று கேட்டார். குதைபா புன்னகையோடு பெரியவரைப் பார்த்தான்.

“இந்தத் தம்பிதான் பின்னால வந்து இடிச்சான்,” என்றார் பெரியவர், அதே நிதானத்தோடு. போலீஸ்காரர் நசுங்கிய இடங்களைக் குனிந்து பார்த்தார், அப்படியே வரைந்துகொண்டார், போய்விட்டார்.

குதைபாவுக்கு அழுகை முட்டியது. “என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? உங்களுக்குத்தான் ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கே!”

பெரியவர் காருக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

“நான் ரனீமோட அப்பா. வியாழக்கிழமை வர வேண்டாம்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லிடு. அக்கம்பக்கத்துல விசாரிச்சா எல்லாப் பையனும் தங்கம்னுதான் சொல்றாங்க. அதனால பொண்ணு கேட்டு வர்றவன் எவனா இருந்தாலும், அவன் வண்டி முன்னாடி பிரேக் போட்டுத்தான் நான் விசாரிக்கிறேன். மாசத்துக்கு ஒரு இடி வாங்குறவனுக்கு எந்தக் கம்பெனி தம்பி ஃபுல் இன்ஷூரன்ஸ் கொடுக்கும்?”