சோம்பேறி விழித்த வருடம்

மண்டியிட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

பதினாறாம் செடியில் நான்கு மொட்டு. எழுதினான். பதினேழுக்கு நகர்ந்தான்.

அதிலும் மொட்டு இருந்தது. ஒன்றே ஒன்று. நுனியில் ஊதா கசிந்திருந்தது.

நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினான். எட்டு வருடமும் பதினேழுக்கு நேரே அவன் மனைவியின் கையெழுத்தில் அதே சொல்.

சோம்பேறி.

மற்ற செடிகளெல்லாம் பூத்து முடித்த பிறகு, போனால் போகிறது என்று பூக்கும் செடி அது. வீட்டில் மாரிச்செல்வி அவனையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இமயத்தில் ஒரு மேட்டுப் புல்வெளி. நாற்பது செடிகள். ஒவ்வொன்றின் காலடியிலும் எண் பொறித்த தகரத் துண்டு. எந்த நாள் பனி விலகியது, எந்த நாள் எந்தச் செடி பூத்தது என்று கோடைதோறும் இங்கே வந்து தங்கி எழுதியிருக்கிறாள்.

ஐப்பசியில் அவளுக்கு நான்கு நாள் காய்ச்சல்.

அவ்வளவுதான்.

ஒன்பதாம் வருடம் விட்டுப்போகக் கூடாது என்று விடுப்பு எடுத்து வந்திருக்கிறான். பாலம் கட்டும் பொறியாளன். பூவைப் பற்றி ஒன்றும் தெரியாது. எண்ணத் தெரியும்.

வந்த நாளிலிருந்து குளிர் உறைக்கவில்லை. ஐப்பசியிலிருந்தே எதுவும் உறைக்கவில்லை.

வழக்கமாக மே இருபது தாண்டித்தான் இங்கே பனி விலகும். இந்த வருடம் ஏப்ரல் கடைசியிலேயே விலகிவிட்டது. வெயில் பட்டதும், காலம் வந்துவிட்டது என்று செடிகள் நம்பிவிட்டன.

சோம்பேறி உட்பட.

பனி இதுகளுக்குப் போர்வை என்பாள். அதற்கு அடியில் கிடக்கும்வரை குளிர் அண்டாது. போர்வையைச் சீக்கிரம் உருவிவிட்டால்தான் ஆபத்து. பின்னால் வருகிற ஒரே ஓர் உறைபனி போதும், மொட்டெல்லாம் கருகிவிடும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூடாரத்திலிருந்து திரிலோக் சிங் வந்தான். எட்டு வருடமும் அவளுக்குச் சுமை தூக்கியவன். வானத்தைக் காட்டினான். பொட்டு மேகம் இல்லை. விடிவதற்குள் உறைந்துவிடும் என்று இந்தியில் சொன்னான்.

“பனி” என்று இவன் தமிழில் முணுமுணுத்தான்.

திரிலோக் உடனே தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அது பழைய வேடிக்கை. முதல் வருடம் இந்த மேட்டில் கால் வைத்ததும் அவள் பனி, பனி என்று கத்தினாளாம். இந்தியில் பானி என்றால் தண்ணீர்; அதைத்தான் கேட்கிறாள் என்று திரிலோக் ஓடைக்கு இறங்கி, ஒரு பானை நிறையச் சுமந்துகொண்டு வந்தானாம். அதன் பிறகு அவள் பனி என்று வாயெடுத்தாலே தண்ணீர் வந்து நிற்குமாம்.

தாகம் இல்லை. ஆனாலும் வாங்கிக் குடித்தான்.

போன் அடித்தது. கோவில்பட்டியிலிருந்து அத்தை. அவனுடைய மாமியார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மகள் போன பிறகு மருமகனிடம் சொல்ல அத்தைக்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“பனி எறங்குற நேரம் மாப்ள. தலைக்குக் கட்டாம வெளிய நிக்காதிய.”

கோவில்பட்டியில் அன்றைக்குக் கத்திரி வெயில்.

கட்டியிருப்பதாகச் சொன்னான். பொய்யில்லை. கழுத்துவரை மூடும் பழுப்பு நிறக் குரங்குக் குல்லா, அத்தையே பார்சலில் அனுப்பியது, தலையில்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டு மறுபடி பதினேழின் முன்னால் உட்கார்ந்தான்.

நோட்டின் முதல் பக்கத்தில் அவள் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். எதையும் தொடாதே. பார். எழுது.

படித்தான்.

இன்னொரு முறையும் படித்தான்.

பிறகு நான்கு குச்சிகள் பொறுக்கிவந்து, மொட்டில் படாமல் சுற்றி ஊன்றினான். குல்லாவைக் கழற்றி மேலே கவிழ்த்தான். காற்றில் பறக்காமல் இருக்க ஓரங்களில் கல் வைத்தான்.

திரிலோக் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மீதி முப்பத்தொன்பதுக்கும் குல்லா பின்ன ஆள் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டான்.

இவன் சிரித்தான். அந்தச் சத்தம் யாருடையதோ போல இருந்தது.

விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை. மிதித்தால் நொறுங்கியது.

ஒன்றிலிருந்து தொடங்கினான். மொட்டுகள் வெந்த கீரை போல் கறுத்துத் தொங்கின. கருகியது என்று எழுதினான். இரண்டு, கருகியது. மூன்று. நான்கு. ஒன்றையும் விடவில்லை. எழுத்து கோணவும் இல்லை.

பதினேழை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தான்.

கல்லை எடுத்தான். குல்லாவை ஓரமாகத் தூக்கிப் பார்த்தான்.

ஊதா இன்னும் கொஞ்சம் வெளியே வந்திருந்தது.

நோட்டில் எழுதினான். கருகவில்லை. மூடப்பட்டிருந்தது. ஆய்வில் சேர்க்க வேண்டாம்.

கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே இன்னொரு சொல்லும் எழுதினான். எட்டு வருடமாக அங்கே இருக்கும் சொல்.

வெயில் இன்னும் மேட்டுக்கு ஏறவில்லை. குல்லாவைப் பழையபடி கவிழ்த்தான்.

போன் அடித்தது.

“ராத்திரி ரொம்பப் பனியோ மாப்ள? தலைக்குக் கட்டியிருந்தியளா?”

பதினேழைப் பார்த்தான்.

“கட்டியிருந்துச்சு அத்தை.”

சொல்லும்போதுதான் தெரிந்தது, காது இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. மூக்கு நுனி எரிந்தது. விரல்களில் ஊசி குத்தியது. உள்ளங்கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டான்.

“நல்ல பனி, அத்தை” என்றான்.

பின்னாலிருந்து ஒரு கை டம்ளரை நீட்டியது.

வெந்நீர்.