நாக்குக்கு அடியில்

"வாயை இன்னும் நல்லாத் திற. நாக்கைத் தூக்கு."

டைல்ஸ் வாயைத் திறந்தான். ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து டார்ச் வெளிச்சம் அவன் வாய்க்குள் பாய்ந்தது. நாக்குக்கு அடியில் எதுவும் இல்லை.

"கரைய எட்டு நிமிஷம் ஆகும். நீ ரெண்டே நிமிஷத்துல வந்து நிக்கிற. கையில என்ன, கர்சீப்பா? விரி."

விரித்தான். பாதி கரைந்த வெள்ளை மாத்திரை துணியில் ஒட்டியிருந்தது.

போதை ஊசியை விட்டவர்களுக்குத் தினமும் காலையில் மாத்திரை கொடுக்கும் மையம் அது. நர்ஸின் கண்ணெதிரே நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். வெளியே கொண்டுபோனால் அட்டை ரத்து. நர்ஸுக்கு அங்கே டார்ச் சிஸ்டர் என்று பெயர். தரை ஓடு பதிக்கும் அவனுக்கு டைல்ஸ்.

"யாருக்கு விக்கிற?"

"விக்கல சிஸ்டர்."

"பின்ன என்ன, ஃப்ரேம் போட்டு மாட்டவா? எத்தனை நாளா நடக்குது இது?"

"மூணு வாரமா."

டார்ச் சிஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வெயிலிலும் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. கொட்டாவி மேல் கொட்டாவி. பதினாறு வருடமாக அந்த ஜன்னலில் இருப்பவருக்கு, அது சளி இல்லை என்று தெரியும். பாதி மருந்தில் உடம்பு முறுக்கிக்கொண்டிருந்தது.

"உனக்கே பத்தாம நெளியிற. இதுல யாருக்குடா தானம்?"

"ஒரு ஃப்ரெண்டு. ஒரே ஊசியில போட்டவங்க நாங்க. இந்தப் பாதியை நம்பித்தான் அவன் ஊசியை விட்டிருக்கான்."

"இங்க கூட்டிட்டு வா. பேர் எழுத அஞ்சு நிமிஷம்."

"வரமாட்டான்."

"ஏன், துரைக்கு வரிசையில நின்னா கால் வலிக்குமா?"

"உங்க வாய்க்குப் பயம், சிஸ்டர்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டார்ச் சிஸ்டர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு அவன் இதையே பொடியாக்கி ஊசியில ஏத்திட்டு எங்கேயாவது விழுந்து கிடப்பான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவ நான். பதில் சொல்லப் போறதும் நான்."

"இந்த ஒரு தடவை விட்டுடுங்க. நாலு மாசத்துக்கு அப்புறம் இப்பத்தான் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டிருக்கார். மாத்திரை இல்லாட்டி ரெண்டு நாள் தாங்க மாட்டேன். உங்களுக்கே தெரியும்."

தெரியும். இருந்தும் முத்திரையை எடுத்தார். அட்டையில் 'ரத்து' விழுந்தது. அந்தச் சத்தம் வரிசையின் கடைசி வரை கேட்டது.

"பேரைச் சொல்லு. அவன் வீட்டுக்கு நானே போறேன். பெத்தவளுக்காவது தெரியட்டும்."

டைல்ஸ் கர்சீப்பை மடித்துக் கம்பி வழியாக உள்ளே வைத்தான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். ஆனா நாளையிலேர்ந்து அவனுக்குக் கொடுக்க எங்கிட்ட எதுவும் இல்லை. திரும்ப ஊசிக்குத்தான் போவான்." குரலைத் தணித்துக்கொண்டான். "அந்த வீட்டுச் சாவி உங்க கைப்பையிலதான் இருக்கு, சிஸ்டர். காலையில நீங்க டூட்டிக்குக் கிளம்புற வரைக்கும் மாடி ரூம்ல தூங்குற மாதிரி படுத்திருப்பான்."

பத்து மணி வரை திறந்திருக்க வேண்டிய ஜன்னல் அன்று எட்டு நாற்பதுக்கு மூடப்பட்டது. வரிசையில் இன்னும் பதினோரு பேர் நின்றிருந்தார்கள்.