இழுப்பறையில் ஒரு கறுப்பு

கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு, கொலைகாரருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் வெர்னா. கொலைகாரர் தம் காது மெஷினைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஆல்பி ட்ரெனருக்கு எண்பத்து மூன்று வயது. குன்னமாரா என்கிற இந்த ஊரில் ஐம்பது வருடம் இறைச்சிக் கடை நடத்தியவர். சகோதரர் சங்கத்தில் மிச்சமிருக்கும் ஒரே சகோதரர். மற்றவர்கள் எல்லாரும் கோதுமை வயலுக்கு அந்தப் பக்கம், கல்லறைத் தோட்டத்தில், ஒரு கூட்டம் நடத்தும் அளவுக்குச் சேர்ந்திருந்தார்கள்.

வெளியே புல்தரையில் ஊரே கூடியிருந்தது. இன்னும் அரை மணியில் மேயர் வந்து, சங்கக் கூடத்தைப் பாரம்பரியக் கட்டடம் என்று அறிவிக்கும் பித்தளைப் பலகையைத் திறந்துவைப்பார். பிறகு கூடத்தின் வரலாற்றை வெர்னா வாசிப்பாள். மூன்று வருடம் தேடி எழுதிய வரலாறு. கடைசிப் பக்கத்தில் ஆல்பியின் பெயர் இருந்தது. அதை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளவைப்பது மட்டும்தான் பாக்கி.

கைப்பையிலிருந்து கோலி அளவில் ஒரு கறுப்புக் குண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது உருண்டு போய் அவருடைய டீக்கோப்பையில் முட்டி நின்றது.

"இது என்னன்னு தெரியுதா, ஆல்பி?"

"சங்கத்துச் சாமான். எடுத்த எடத்துல வெச்சிடு."

சங்கத்தில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் சகோதரர்கள் வரிசையாகப் போய் ஒரு மரப்பெட்டிக்குள் கையை விடுவார்கள். சம்மதமென்றால் வெள்ளைக் குண்டு, இல்லையென்றால் கறுப்பு. போட்டது அடியிலுள்ள இழுப்பறையில் போய் விழும். ஒரே ஒரு கறுப்பு இருந்தாலும் ஆள் வெளியே. ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும். யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் கேட்டவரும் வெளியே.

1959 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெர்னாவின் அப்பா நெவிலுக்கு அப்படி ஒரு கறுப்பு வந்தது. ஆகஸ்டில் மரம் அறுக்கும் மில்லில் அவர் கை போனது. உறுப்பினராக இருந்திருந்தால் அன்றைக்கே சங்கத்து டாக்டர் வந்திருப்பார், இலவசமாக. இல்லாததால் அம்மா வீட்டிலேயே துணி கிழித்துக் கட்டினாள். பதினாறாம் நாள் சங்கத்திலிருந்து மலர்வளையம் வந்தது. பெரிய வளையம்தான். குறை சொல்ல முடியாது.

வெர்னாவுக்கு அப்போது ஆறு வயது. இந்தக் கூடம் அவளுக்குப் புதிதல்ல. வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் இங்கே தரை தேய்க்க வரும் அம்மா அவளையும் கூட்டிவருவாள். இருக்கிற இடம் தெரியாமல் விளையாடுகிற பிள்ளை என்று அம்மாவுக்கு ஏகப் பெருமை.

"வேலி விஷயத்துல அப்பாவும் நீங்களும் முறைச்சிக்கிட்டிருந்தீங்க. ஊருக்கே தெரியும்" என்றாள் வெர்னா. "அவர் செத்த வாரத்துலேர்ந்து சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வாசல்ல இறைச்சிப் பொட்டலம். பத்து வருஷம். மனசு உறுத்தாதவன் எதுக்குக் குடுப்பான்?"

"நல்ல கறி அது. தொடை."

அவள் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். அன்றைய கூட்டத்துக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். எழுதியது செயலாளர் ஆல்பி, அழகான கையெழுத்தில். மற்றவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, அவர்கள் போன பிறகு விதவைகளையும் விசாரித்து, பெயர்களை அடித்துக்கொண்டே வந்திருக்கிறாள் வெர்னா. அடிபடாத பெயர் ஒன்றே ஒன்று.

அவர் மறுக்கவில்லை. மைக்கில் தாராளமாகச் சொல்லிக்கொள்ளச் சொன்னார். இந்த வயசுக்கு மேல் தம்மிடம் கறி வாங்காமல் யாரும் பழிவாங்க முடியாது என்றும் சொன்னார். அந்த அலட்சியம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பதினொரு பேர் வெள்ளை போட்டாங்க. நீங்க ஒருத்தர்தான்…"

"பன்னிரண்டு" என்றார் ஆல்பி. "வெள்ளை பன்னிரண்டு. எண்ணினது நான்."

சொன்னவுடனே அவர் முகம் மாறிவிட்டது. கணக்கு தப்பினால் திருத்தாமல் இருக்க முடியாத செயலாளர் புத்தி. கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெர்னா பதிவேட்டைப் பார்த்தாள். விரல் வைத்து எண்ணினாள். பன்னிரண்டு பேர்தான்.

"அப்ப இந்தக் கறுப்பு?"

"விட்டுடு, வெர்னா. என் பேரையே படி."

"யார் போட்டது, ஆல்பி?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். குண்டு போடுவதற்கு முன்னால் இழுப்பறையைத் திறந்து, காலி என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும். அன்றைக்குத் தலைவர் மறந்துவிட்டார். எல்லாரும் போட்டு முடித்துத் திறந்தபோது, கறுப்பைப் பார்த்ததும் சட்டென்று மூடி நெவிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எல்லாரும் போன பிறகு குண்டுகளை எடுத்துவைக்கும்போதுதான் ஆல்பிக்கு விஷயம் புரிந்தது. கறுப்பு முன்பே உள்ளே கிடந்திருக்கிறது.

"சொல்லியிருக்கலாமே. எங்கப்பா செத்தாரே."

"சொன்னா, மத்தியானம் யார் உள்ள வந்ததுன்னு கேட்டிருப்பாங்க. உங்கம்மா வேலை போயிருக்கும். அடுத்த மே மாசம் நானே அவர் பேரைக் குடுக்கலாம்னு இருந்தேன். மில்லு அதுவரைக்கும் பொறுக்கல."

வெளியே மைக்கில் மேயர் வெர்னாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஊர் கைதட்டியது.

"எங்கம்மாவா போட்டாங்க?"

ஆல்பி அந்தக் குண்டை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"உங்கம்மா தரை தேய்க்கிறப்ப, நீ எதை வெச்சு விளையாடுவே, கண்ணு?"