கடைசிக் காலடி

மேஜைமேல் புதிதாக வந்திறங்கிய இரண்டு காலடி அச்சுகளைப் பார்த்ததுமே, இது யார் கைவரிசை என்று டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"உன்கிட்ட இதை எதிர்பார்க்கலடி," என்றாள்.

எதிரே நின்ற தோழி, அச்செடுத்தபோது கையில் ஒட்டிய சுண்ணப் பொடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரி நாளிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவள். இப்போது ஒரே அருங்காட்சியகத்தில் வேலை.

டாக்டரம்மா மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. ஜுரம் என்று யாராவது போய் நின்றால், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய காலடிகளைக் காட்டித் திருப்பி அனுப்புவாள். ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு நின்ற ஒரு பறக்கும் ஊர்வன விலங்கு, இறக்கையை மடக்கி ஊன்றிச் சேற்றில் நாலு காலாய் நடந்துபோன தடத்தைக் குவாரியில் கண்டுபிடித்தவள் அவள்தான்.

பாதித் தடம் வெளியே வருவதற்குள் அங்கேயே வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். மிச்சத்தைச் சுத்தம் செய்தவர் அதே அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர். தடம் பாதியில் நின்றுபோயிருந்தது. "இங்கேதான் அது எம்பிப் பறந்தது" என்று அவள் எழுதியதை உலகமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

"குவாரியில இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டினோம்," என்றாள் தோழி. "அதே கால், அதே அளவு. அது அங்க பறக்கலடி. நடந்தேதான் போயிருக்கு."

"என் தடத்துக்கும் இதுக்கும் நடுவுல வெறும் கல்லுதானே கிடக்கு? அங்க மட்டும் அது காலை வைக்கலையா?"

"அதான் எனக்கும் புரியல. சேத்துல தண்ணி ஓடின வரி பாறை பூரா இருக்கு. அந்த இடம் மட்டும் மொழுமொழுன்னு இருக்கு."

"எனக்கு நல்லாப் புரியுது. பொறாமை. இந்த ரெண்டையும் பாறையில நீயே செதுக்கியிருக்க. கூடவே இருந்து குழி பறிச்சிட்ட."

"ஏய், வெளியில இப்படிச் சொல்லிடாத. என் வேலையே போயிடும்."

டாக்டரம்மா போனை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே டைரக்டரிடம் பேசினாள். "போலிங்க சார். சந்தேகமே இல்ல. நான் பொறுப்பு."

தோழி ஆய்வுக்கூடத்துச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினாள்.

அதுவரை ஜன்னலோரத்தில் ஒரு எலும்பைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் பிரஷைக் கீழே வைத்தார். டாக்டரம்மா அவர் தோளில் சாய்ந்து குமுறிக் குமுறி அழுதாள். பெற்ற அம்மாவிடம் சொல்லாததை எல்லாம் அந்தத் தோழியிடம் சொன்னவள் அவள். நெஞ்சு ஆறவில்லை.

"போகட்டும் விடுங்க. என்னை ஏமாத்தாத ஆளு நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே."

அவர் அவளைத் தோளிலிருந்து மெல்ல விலக்கினார்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, 'அது பறந்ததா மட்டும் இருக்கணும்'னு தினம் அழுத இல்ல?" என்றார்.

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நடுவுல இருந்த காலடியை எல்லாம் நான்தான் சுரண்டி எடுத்தேன்."