காயும் வரை

இடது கையை ஜாக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

தோளிலிருந்து முழங்கை வரை ஈரம். இரண்டு அழுத்து ஜெல். லேசாக ஸ்பிரிட் வாடை அடித்தது.

மாதவிலக்கு நிற்கிற வயசுத் தொந்தரவுக்கு ஹார்மோன் சிகிச்சை, முதல் நாள். நன்றாகக் காயவேண்டும், ஐந்து நிமிடமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் நாலு தடவை கதவைப் பார்த்துவிட்டாள். அக்காவுக்குத் தெரியாமல் அவள் செய்கிற முதல் காரியம் இது.

அக்கா கீழ்வீட்டில் இருக்கிறாள். முப்பத்தாறு வருடம் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கண்ணுக்குப் பார்த்தால் என்ன, காலுக்குப் பார்த்தால் என்ன, தென்காசியில் அந்தத் தெருவுக்கே அவள் உலகம்மாள் சிஸ்டர்.

எந்த டாக்டர் சீட்டு எழுதினாலும் அது முதலில் அக்காவிடம்தான் போகும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பாள். இது வேண்டும், இது தண்டம் என்று சொல்வாள். பிறகுதான் மெடிக்கல் ஷாப்.

இந்தச் சீட்டு மட்டும் கீழே போகவில்லை.

தென்காசியில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் இங்கே எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலும் அக்காவுக்குத் தகவல் போய்விடும். பட்டுப்புடவை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள்.

வீட்டில் வேறு யாராவது இதை எடுத்திருக்கிறார்களா என்று அந்த டாக்டர் கேட்டார்.

எங்க அக்காவுக்கு இதெல்லாம் வரவே இல்ல டாக்டர், என்றாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

மூன்று வருடம் அக்கா சொன்னபடிதான் கேட்டாள்.

ஆளிவிதை. வெண்பூசணிச் சாறு. வெறும் வயிற்றில் வெந்தயம்.

உடம்பு கொதித்து, வகுப்பில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து நின்றபோதும் வெந்தயம். காரணமில்லாமல் கணவரிடம் எரிந்து விழுந்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதபோதும் வெந்தயம்.

எனக்கெல்லாம் அது வந்ததும் தெரியல, போனதும் தெரியல என்பாள் அக்கா. கேட்டுக் கேட்டு, கோளாறு தன் மனசில்தான் என்று நம்பிவிட்டாள். கூடப்பிறந்தவளுக்கு இல்லாதது தனக்கு மட்டும் ஏன் வரவேண்டும்?

ஒரு நாள் பத்தாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு மறந்துபோனது. இருபத்திரண்டு வருடமாக நடத்துகிற பாடம். சாக்பீஸும் கையுமாக நின்றாள். கடைசி பெஞ்சில் சிரித்தார்கள்.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. மூன்று மாதம் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றார்.

அக்காதான் வேண்டாம் என்றாள். திரும்பப் போய் நின்று அசிங்கப்படவா? மரியாதையோடு விட்டுவிடு என்றாள்.

போன மே மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

கதவைத் தட்டுகிற வழக்கமெல்லாம் அக்காவுக்கு இல்லை. அவித்த பனங்கிழங்குத் தட்டோடு உள்ளே வந்துவிட்டாள்.

இவள் அவசரமாகக் கையை ஜாக்கெட்டுக்குள் நுழைக்கப் பார்த்தாள். ஜெல் பாட்டில் ஜன்னல் திட்டில் அப்படியே இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. என்னைக் கேக்காமயா என்று அக்கா ஆரம்பிக்கப் போகிறாள்.

அக்கா பாட்டிலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

"காயுததுக்கு முந்தி ஜாக்கெட்டப் போடாதட்டி. பாதி மருந்து துணில போயிரும்."

இவள் கை பாதியில் நின்றது.

கண் ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

"எத்தன வருசமா?"

அக்கா தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எட்டு."

மேலே இவள் வெந்தயத்தை மென்று விழுங்கிய காலையெல்லாம், கீழே அக்கா கையைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். அதை ஒரு வயிற்றில் பிறந்தவளே செய்வாள் என்று யார் கண்டார்கள்?

அழுகை வரவில்லை. ஆத்திரமாக வந்தது.

"வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சுட்டி" என்றாள் அக்கா.

வெட்கம். சரி. அதைக்கூடத் தள்ளிவிடலாம்.

"வேலைய எதுக்குக்கா விடச் சொன்ன?"

அக்கா ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரித்தாள். இரண்டாகப் பிளந்து நடு நாரை இழுத்துப் போட்டாள்.

"நான் ரிட்டையர் ஆன மாசம்ட்டி அது. ஒங்க அத்தானும் போயாச்சு. பகல் முழுக்க அந்த வீட்டுல ஒத்தையில கெடந்து என்ன செய்ய?"

பிளந்த கிழங்கில் ஒரு பாதியை நீட்டினாள்.

இவள் வாங்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காஞ்சிட்டு" என்றாள் அக்கா. "போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள். எழுந்து பீரோவைத் திறந்தாள். மே மாதத்துக்குப் பிறகு தொடாத அடுக்கிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற, கஞ்சி போட்ட காட்டன் புடவை ஒன்றை உருவினாள்.

"எங்கட்டி கெளம்புத?"

கொசுவத்தை மடித்துச் செருகினாள். தோளில் பின் குத்தினாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒன்னத்தான்."

படியிறங்கினாள்.

அக்கா நீட்டிய கிழங்கோடு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மணி இன்னும் ஒன்பதுகூட ஆகவில்லை.